நாலு விரல் உயரம்

பெரிய மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போகிறவர்கள் வெங்காயத்தோடு மட்டும் திரும்பி வருவதில்லை. யாராவது ஒருவருடைய வழக்கையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறார்கள். பல வருஷமாக ஒரே கடையில் வாங்குகிற என் போன்றவனுக்கு வழக்கு, கொசுறுக் கொத்தமல்லி மாதிரி, கேட்காமலே பையில் விழும்.

புதுச்சேரிக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளெக்ஸ் வீதி என்று பெயர் பெற்றிருந்த நேரு வீதியில் இருக்கிறது இந்த மார்க்கெட். பலகையில் கூபேர் மார்க்கெட் என்றிருக்கும். அந்த நாளில் கிராண்ட் பஜார் என்றார்கள். ஜனங்கள் பெரிய மார்க்கெட் என்கிறார்கள். கிராண்ட் பஜாருக்கும் அதுதானே அர்த்தம்? இந்த ஊர்த் தெருக்களில் ஒரு காலத்தில் புஷ்புஷ் வண்டி என்று ஒன்று ஓடியது. துரை முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பியைப் பிடித்துத் திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். போகும் திசை ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது. இப்போது நான் சொல்லப் போகும் மோட்டார் காரின் கதையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்.

எனக்கு வெங்காயம் தருகிறவர் அறுபதை நெருங்குகிறவர். சின்ன வயதிலிருந்து சம்மணமிட்டு உட்கார்ந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் கடன் போட்டு, கைமாறிய சின்னக் கார் ஒன்று வாங்கினார். விடியற்காலை நாலு மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து மார்க்கெட்டுக்கு வருவதற்கு ஒரு தரம். பின் இருக்கையை மடித்து மூட்டை ஏற்றுவதற்குச் சில நாள். மாதம் ஒரு தரம் சம்சாரத்தை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கு. அந்த அம்மாளுக்கு இடுப்பில் உபத்திரவம்.

அவருடைய மகனுக்கு இருபத்து மூன்று வயது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. போனஸ் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோய், நாலு சக்கரத்து ஸ்பிரிங்கையும் வெட்டிவிட்டு வந்தான். வண்டி 2 அங்குலம் கீழே உட்கார்ந்தது. அதோடு விட்டானா? அடுத்தபடியாக 15 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 17 அங்குலத்தில் பளபளவென்று அலாய் சக்கரம் போட வேண்டுமாம். டயரோடு 60,000 ரூபாய்க்கு மேல் ஆகும். கையில் 38,000 சேர்ந்துவிட்டது.

"முதல்ல வண்டியைக் குள்ளமாக்கினான். இப்போ சக்கரத்தைப் பெரிசாக்கணுங்கிறான். ரெண்டையும் செய்யாம இருந்தா எப்படி இருந்துச்சோ அப்படியேதானே ஸார் இருந்திருக்கும்? நீங்க சொன்னா கேப்பான், ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் தகப்பனார்.

பிறத்தியார் பிள்ளைக்கு உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பையன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு அந்த ஆசை போய்விட்டால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

பையன் மரியாதையாகவே பேசினான். "நைனாவுக்கு வண்டின்னா மூட்டை ஏத்தறது மட்டும்தான் ஸார். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல நாலு விரல் போகுது, பாத்தீங்களா? அது பாக்கவே அசிங்கமா இருக்கும்."

அவன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. தாழ்ந்த வண்டிக்கு ஓர் அழகு உண்டு. பாரம் தரைக்கு அருகில் இருந்தால் திருப்பத்தில் சாய்மானம் குறையும். பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டிக் கிடப்பது அதனால்தான். 1955-ல் பாரீஸ் கண்காட்சியில் சிட்ரோயன் கம்பெனி டி.எஸ். என்ற காரைக் காட்டியபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நிறுத்தி வைத்தால் அது மெள்ளத் தரையை நோக்கிப் படுத்துவிடும். கிளப்பினால் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தூக்க, ஒட்டகம் போல் எழுந்து நிற்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் குடியேறிய மெக்ஸிக வம்சத்து இளைஞர்கள் காரைத் தாழ்த்தி ஓட்டுவதையே ஒரு கலையாக வளர்த்தார்கள். சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்கும் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஒரு பையன் விமானத்து ஹைட்ராலிக் சாமான்களைக் காரில் மாட்டி, போலீஸ் கண்டால் வண்டியை உயர்த்திக் கொள்வது, போனதும் தாழ்த்திக் கொள்வது என்று வழி கண்டுபிடித்துவிட்டான்! அந்தத் தடையை எடுக்க 2023-ல் சட்டம் நிறைவேறியது. ஆகவே நமது வெங்காயக் கடைப் பையன் உலகத்தில் தனியாள் இல்லை.

மறுநாள் அவனோடு ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிகம் பேசாதவர். சாக்குக் கட்டியை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார்.

காரில் இருந்த டயரில் 185/65 ஆர் 15 என்று எழுதியிருந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. அதாவது 120 மில்லிமீட்டர் ரப்பர். 15 என்பது இரும்பு வளையத்தின் அங்குலம். நடுவில் உள்ள 'ஆர்' ரிம் என்பதன் சுருக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ரேடியல், டயருக்குள் இருக்கும் நூல்கள் குறுக்காகப் போகும் விதம். பிரான்ஸில் மிஷெலின் கம்பெனி 1946-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியது.

"மொத்த உயரம் 622 மில்லிமீட்டர். 17 அங்குல வளையம் போட்டாலும் மொத்த உயரம் இதேதான் இருக்கணும் தம்பி. இல்லேன்னா வேகம் காட்டுற முள்ளு பொய் சொல்லும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மாட்டு வண்டிச் சக்கரத்தை ஆளுயரத்துக்குச் செய்தார்களே, அதற்குக் காரணம் உண்டு. பெரிய சக்கரம் பள்ளத்தில் முழுதும் இறங்காமல் தாண்டிப் போகும். ஆனால் இந்தப் பையன்கள் மாட்டுகிற பெரிய சக்கரம் உண்மையில் பெரிய சக்கரமே அல்ல. வெளிச்சுற்று அப்படியே இருக்க, உலோகம் வளர்கிறது, ரப்பர் தேய்கிறது. 120 மில்லிமீட்டர் மெத்தை 92 ஆகிவிடுகிறது. நம் சாலைப் பள்ளத்தில் 'டொக்' என்று விழுந்தால் அடி வளையத்துக்குத்தான்.

பையனுடைய சிநேகிதர்கள் 205/50 போடச் சொல்லியிருந்தார்கள். பார்வைக்கு நிறைவாக இருக்குமாம். அதன் மொத்த உயரம் 637. முள் 100 காட்டும்போது வண்டி 102-க்கும் மேல் போய்க்கொண்டிருக்கும், அது போகட்டும். கடைக்காரர் தம்முடைய விரல்களைச் சக்கரத்துக்கு மேலே செருகிக் காட்டினார். முன்பு நாலு விரல் நுழைந்த இடத்தில் ஸ்பிரிங்கை வெட்டிய பிறகு ஒரு விரல் நுழைந்தது. புது டயர் அந்த ஒரு விரலிலும் 7 மில்லிமீட்டருக்கு மேல் சாப்பிட்டுவிடும். அகலம் வேறு இருபது மில்லிமீட்டர் அதிகம். வளையம் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தால் மட்கார்டு விளிம்பில் உரசும். உள்ளே தள்ளியிருந்தால் ஷாக் அப்சார்பரில் உரசும்.

"அப்போ 205/45 போடலாம்ல அண்ணே? அது உயரம் சரியா வருதே?" என்றான் பையன். கணக்கில் கெட்டிக்காரன்தான்.

"வரும். ஆனா டயர் ஓரத்துல இன்னொரு நம்பர் இருக்கு பாரு. உங்க டயர்ல 88. ஒரு டயர் 560 கிலோ தாங்கும். நீ கேக்கற சைஸ்ல சாதாரணமா வர்றது 84. அது 500 கிலோதான். கூடுதல் பாரம் தாங்கற ரகம் தேடணும், விலையும் கூட."

ஒரு டயருக்கு 60 கிலோ குறைவு. பெரிய மார்க்கெட் கணக்கில் அது ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் மேலே.

கடைக்காரர் கடைசியாகக் காட்டியதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் கீழே தொங்கியதும் வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு லேசாக விலகி ஆடியது. ஸ்பிரிங்குக்கு ஒரு குணம்: சுற்றைக் குறைத்தால் இன்னும் விறைத்துக்கொள்ளும், ஆனால் அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் போய்விடும். பாரம் ஏற்றினால் ரப்பர் முட்டில் போய் மோதும். அந்த மோதல் நேராக உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்புக்கு வரும். வேகமாகப் போகும்போது பள்ளத்தில் சக்கரம் தொங்கி, ஸ்பிரிங் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படிக் கட்டினால் தாழ்த்திய வண்டிகூட மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்விடும். நம்முடைய தெருக்களில் பல, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வரப்பு வெட்டின மாதிரி இருக்கின்றன. போன மாதம் ஜிப்மருக்குப் போகிற வழியில் அப்படி ஒன்றில் கார் வயிறு இடித்து, அம்மாள் 'ஐயோ' என்று அலறியதாகத் தகப்பனார் என்னிடம் சொல்லியிருந்தார். அன்று ஓட்டியது பையன் அல்ல, அவர்தான். அதனால் அவனுக்கு அந்தச் சத்தம் தெரியாது. அதை அவனிடம் சொல்லவேண்டாம் என்று அம்மாள் தடுத்துவிட்டாளாம். பிள்ளை ஆசையாகச் செய்தது என்று. எனக்கு அந்தத் தடையுத்தரவு கிடையாது, சொல்லிவிட்டேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சமாதானம் ஆகவில்லை. "மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆவாது ஸார்" என்றான்.

பிறகு சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். யாருக்கு? வண்டியின் சொந்தக்காரருக்கு.

"வண்டி யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நைனா பேர்ல" என்றான். சொன்னவன் கொஞ்ச நேரம் சாக்குக் கட்டிக் கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். கைநாட்டுப் போட வெட்கப்பட்டு, நடுவயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவன் தகப்பனார். அந்தக் கையெழுத்தை அவர் முதன்முதலில் பெருமையோடு போட்டது இந்தக் கார் கடன் பத்திரத்தில். இது பையனுக்கும் தெரியும்.

அந்த வாரமே கம்பெனி ஸ்பிரிங் நாலும் புதிதாக வாங்கி மாட்டினான். வெட்டிய இரும்பை ஒட்டவைக்க வழியில்லை. ஆகவே அந்தச் செலவு தண்டம்தான். மீதியில் அதே 15 அங்குலத்தில், அதே காரின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கிற அலாய் சக்கரம் வாங்கினான். டயர் பழசே. குறைந்த ஆறாயிரத்தைத் தகப்பனார் வெங்காயக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். எதற்கு என்று கேட்கவில்லையாம். அம்மாள் இந்த மாதம் ஜிப்மருக்குப் போய்வந்துவிட்டாள்.

நேற்றுப் பையனை நேரு வீதியில் பார்த்தேன். காரை நிறுத்திவிட்டு எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரம் நல்லாத்தான் ஸார் இருக்கு. ஆனா மேல நாலு விரல் இடைவெளி, அது அசிங்கமாத்தான் தெரியுது" என்றான்.

நானும் எட்ட நின்று பார்த்தேன். வாஸ்தவம்தான் என்றேன்.