நாயோடு ஒரு பிரெஞ்சுக் கிராம உலா

திருநெல்வேலி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தாமிரபரணியும் அல்வாவும் நினைவுக்கு வரும். நான் குறிப்பிடுவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை. பலாலி வீதியில் சந்தையும், சற்று உள்ளே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், சுற்றிவரச் செம்மண் தோட்டங்களும் கொண்ட ஊர். எழுத்தில் திருநெல்வேலி; எங்கள் வாயில் தின்னவேலி. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளை இந்த ஊரில் இருந்தபடியே கழித்தவன் நான். 2024 யூன் மாதம், பிரான்சில் வாழும் என் அக்காவின் மகள் அழைத்ததால் முதன்முறையாக அங்கு போனேன்.

பரிஸ் நகரத்து லாச்சப்பலில் நம்மவர் கடைகளைப் பார்த்து, தோசை சாப்பிட்டு, பழைய ஊரவர்களைச் சந்தித்துத் திரும்புவதே என் எண்ணமாக இருந்தது. மருமகள் விடவில்லை. "மாமா, பிரான்ஸ் எண்டால் பரிஸ் மட்டும் இல்லை. ஊர்களைப் பாக்க வேணும். நீங்கள் நடக்கத் தேவையில்லை, வீட்டோடையே போகலாம்" என்றாள்.

வீட்டோடு என்று அவள் சொன்னது மிகையில்லை. பிரெஞ்சுக்காரர் 'கம்பிங் கார்' என்று அழைக்கும் வாகனம் அது. ஒரு பெரிய வானுக்குள் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, சாரதி இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, இரவில் கட்டிலாக மாறும் மேசை எல்லாம் உண்டு. நிறை 3.5 தொன்னைத் தாண்டாத வரையில் சாதாரண கார் ஓட்டும் உரிமமே போதும். பல ஊராட்சிகள் இவற்றுக்கெனத் தரிப்பிடங்கள் அமைத்திருக்கின்றன. அங்கே நல்ல தண்ணீர் நிரப்பலாம். கழிவு நீரை அதற்குரிய வாய்க்காலில் திறந்துவிடலாம். எங்கள் ஊரில் கிணறும் வளவும் சேர்ந்ததுதான் வீடு. இங்கே கிணற்றையும் தொட்டியில் அடைத்துக் கூடவே கொண்டுபோகிறார்கள்.

பயணத்தில் ஐந்தாவது ஆள் ஒருவரும் இருந்தார். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு நாய். பெயர் மணி. மணிக்குக் கடவுச்சீட்டு உண்டு என்று பேத்தி எடுத்துக் காட்டியபோது சிரித்துவிட்டேன். 2004 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் செல்லப் பிராணிகளுக்கு வழங்கப்படும் நீல அட்டைப் புத்தகம். தோலுக்கடியில் பதித்த நுண்சில்லின் இலக்கமும், விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றிய திகதியும் அதில் உள்ளன. ஜேர்மனியில் இருக்கும் உறவினரிடம் போகும்போது அது தேவைப்படுமாம். தொண்ணூறு நாள் விசாவுக்காக நான் கொழும்பில் கட்டுக்கட்டாகக் கொடுத்த பத்திரங்களை எண்ணிப் பார்த்தேன்.

முதலில் போன ஊர் கொலோஞ்-லா-ரூஜ். வீடு, கோயில், மதில் யாவும் செம்மணற்கல். செம்மண்காரனான எனக்கு அந்த நிறம் உடனே பிடித்துவிட்டது. 1982 இல் இவ்வூரின் மேயராக இருந்த ஷார்ல் செராக் என்பவர்தான் 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கத்தைத் தொடக்கியவர். இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, கிராமங்கள் வெறுமையாகிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்தில் சேர, ஊரின் மக்கள்தொகை 2000 ஐத் தாண்டக் கூடாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். இன்று 170 க்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் உள்ளன.

அடுத்து லொட் ஆற்றின் மேலே செங்குத்துப் பாறையில் தொற்றி நிற்கும் சென்-சீர்க்-லாப்போப்பி. 2012 இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்கள் தங்களுக்கு மிகப் பிடித்த கிராமமாகத் தெரிவுசெய்த ஊர். ஒழுங்கைகள் ஒடுக்கம் என்பதால் வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டு ஏறினோம். தேநீர்க் கடை மேசைகளுக்கடியில் நாய்கள் படுத்திருந்தன. மணியைக் கண்டதும் கேட்காமலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

மணியிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். வாகனக் கதவு திறந்தால் அது முதலில் இறங்காது. நாங்கள் எல்லாரும் இறங்கிய பிறகே இறங்கும். ஏறும்போது எல்லாரையும் முந்திக்கொண்டு ஏறிவிடும். காரணம் கேட்டேன். நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்த நாயாம் அது. விடுமுறைக்குப் போகும் சிலர் கொண்டுபோகவும் முடியாமல், பராமரிக்க ஆள் பிடிக்கவும் மனமில்லாமல் இப்படி விட்டுவிடுகிறார்கள். கோடைதோறும் ஆயிரக்கணக்கான நாய்களும் பூனைகளும் காப்பகங்களுக்கு வந்துசேர்கின்றன. அப்படி ஒரு காப்பகத்தில் இருந்துதான் மணியை எடுத்துவந்தார்கள்.

"இன்னும் நம்பிக்கை வரேல்லை, மாமா. நாங்கள் விட்டிட்டுப் போயிடுவம் எண்டு பயம்" என்றாள் மருமகள். நான் பேச்சை மாற்றினேன்.

கடைசி இரவு டோர்டோன் ஆற்றங்கரையில் லா-ரோக்-கஜாக் என்ற ஊரில் தங்கினோம். பாறையைச் சுவராகக் கொண்டது போல் வீடுகள் வரிசையாக நின்றன. பக்கத்து வாகனத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு நாய்களோடு வந்திருந்தார். மணியை முன்னிட்டுப் பேச்சுத் தொடங்கியது. மருமகள் மொழிபெயர்த்தாள்.

அவருடைய தாயின் ஊர் ஜேர்மன் எல்லையிலுள்ள ஸ்ராஸ்பேர்க். 1939 செப்ரெம்பர் தொடக்கத்தில், போர் மூளும் தறுவாயில், அந்நகர மக்களை அரசு முழுமையாக வெளியேற்றியது. ஆளுக்கு 30 கிலோ பொதி மட்டும். தொடருந்துகளில் ஏற்றி இந்த டோர்டோன் பகுதிக்கு அனுப்பினார்கள். விலங்குகளைக் கொண்டுவர வழியில்லை. சிறுமியாக இருந்த அவர் தாய், வீட்டு நாயை முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார். பிறகு எண்பது வயதுவரை வாழ்ந்தும் வேறு நாய் வளர்க்கவில்லை. "அதனால்தான் நான் இரண்டு வைத்திருக்கிறேன்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை அன்றுதான் சொன்னேன்.

1995 ஒக்ரோபர் 17 இல் வலிகாமத்தை நோக்கி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் திகதி மாலை, எல்லாரும் தென்மராட்சிக்கு உடனே வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. அம்மாவைச் சயிக்கிளின் பின்கரியரில் இருத்தி, முன்னால் இரண்டு பைகளைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டேன். வீமனைச் சங்கிலியில் இருந்து அவிழ்த்து, பானைச் சோற்றை முற்றத்தில் கொட்டிவிட்டுப் படலையைச் சாத்தினேன். அது வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பின்னால் வந்தது. "அதுவும் வரட்டன், தம்பி" என்றார் அம்மா. "மனிசருக்கே இடமில்லை" என்றேன். ஒழுங்கை முடக்கில் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது காலில் பட்டது. வீமன் குரைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். நான்கைந்து இலட்சம் மக்கள் ஒரே வீதியில் நகர்ந்த அந்த இரவைப் பற்றிப் பின்னர் பலமுறை எழுதியிருக்கிறேன். முதியோர், கர்ப்பிணிகள், மழைநீரைக் குடையில் ஏந்திக் குடித்தவர்கள் எல்லாரும் அவற்றில் வந்தார்கள். வீமன் ஒன்றிலும் வரவில்லை. மனிதத் துயரம் இவ்வளவு இருக்க நாயைப் பற்றி எழுதுவதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாக, சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. நாங்கள் மே மாதம் வந்தோம். வெளியேறாமல் தங்கிவிட்ட பக்கத்து வீட்டு ஆச்சி, வீமன் பல நாள் படலையடியிலேயே கிடந்ததாகச் சொன்னார். பிறகு காணவில்லையாம்.

நான் சொல்லி முடித்ததும் மருமகள் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டாள். சற்று நேரம் கழித்து, "அம்மம்மா கடைசி மட்டும் சாப்பிட முதல் ஒரு பிடி சோத்தைப் புறம்பா எடுத்து வைக்கிறவ எண்டு அம்மா சொல்லுவா. ஏனெண்டு எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவிடம் அதைப் பற்றி ஒருநாளும் நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் குறைசொல்லவில்லை.

காலையில் புறப்படும்போது மணி வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னே ஏறி, வாசலை மறித்துப் படுத்துக்கொண்டது. அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். பரிஸ் வரும்வரை அதன் தலை என் செருப்பின்மேல் இருந்தது.

செய்தியில் ஏதும் விடுபட்டால் மறுநாள் பத்திரிகையில் திருத்தம் போடுவது எங்கள் தொழில் மரபு. 1995 ஒக்ரோபர் 30 பற்றி நான் எழுதியவற்றில் ஒன்று விடுபட்டிருந்தது. அதை இன்று சேர்த்திருக்கிறேன்.