உப்பளத்தில் ஒரு ரன்வே

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 120 கிலோமீட்டர். மரக்காணம் வந்ததும் நண்பன் பைக்கை ஓரங்கட்டினான். வழியெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்த செயின் கவர் அப்போதுதான் வாயை மூடியது.

கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். கம்பு நுனியில் பலகை கட்டி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பளபளப்பில் பத்து நிமிஷம் நிற்பதற்குள் எனக்குக் கண் கூசியது; அவர்கள் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள். நண்பனுக்கு அதெல்லாம் படவில்லை.

"டேய், இங்க ஒரு குட்டி விமானத்தை இறக்கலாம்டா!"

(இறக்கலாம். திரும்ப ஏற்றத்தான் முடியாது. சேறு!)

ஆறு மாசமாக இந்தப் பித்து. பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது. காரணம், அசோக் தாமராக்ஷன். ஆலப்புழைக்காரர், இங்கிலாந்தில் இருப்பவர். 2020 ஊரடங்கில் நாமெல்லாம் டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, மனிதர் தென்னாப்பிரிக்க 'ஸ்லிங்' கம்பெனியிடமிருந்து நாலு சீட்டு விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைத்தார். தானே பூட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். செலவு ஒன்றரைக் கோடிக்குப் பக்கம்.

"ஃபேக்டரியில பண்ணின செஸ்னா 172 புதுசு மூணு கோடிக்கு மேலடா!"

நான் பி.காம். ஒரு பொருள் பாதி விலைக்குக் கிடைத்தால், மீதியை யார் தலையில் கட்டினார்கள் என்றுதான் பார்ப்பேன். ஃபேக்டரி விமானத்துக்கு டிசைனிலிருந்து போல்ட் வரை சான்றிதழ். ஒரு திருகு மாற்றினாலும் அங்கீகரித்த திருகுதான் போட வேண்டும். அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் விலை. கிட் விமானத்தில் அந்தப் பொறுப்பு கட்டுகிறவன் தலையில். அமெரிக்காவில் பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதி ஒட்ட வேண்டும். நம் நாட்டில் மும்பை அமோல் யாதவ், மொட்டைமாடியிலேயே ஆறு சீட்டு விமானம் கட்டி 2016-ல் கண்காட்சியில் வைத்தார். கிட் கூட இல்லை, சொந்த டிசைன். பதிவு எண் கைக்கு வர 2017 நவம்பர் ஆயிற்று.

கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் நண்பன் இதையெல்லாம் கொட்டினான். அவர் அசரவில்லை.

"கட்டுமரமும் அதானே தம்பி. கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து மரத்தக் காயப் போடுவோம். மறுநா திரும்பக் கட்டுவோம். எந்த முடிச்சு தளரும்னு கைக்கே தெரியும். இப்ப ஃபைபர் போட். வாங்கினோம், இறக்கினோம். ஒடைஞ்சா ஆளக் கூப்பிடணும்."

நண்பன் என்னை வெற்றியோடு பார்த்தான்.

"ஆனா, அடுத்தவன் கட்டின மரத்துல நான் ஏறமாட்டேன்" என்றார் பெரியவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2011-ல் அங்கே விபத்துக்குள்ளான, வீட்டில் கட்டிய விமானங்களில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து கைமாறி வந்தவை!

"அப்போ நானே கட்டினா பிரச்னை இல்லைதானே?" என்றான் நண்பன்.

நான் செயின் கவரைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். ரோஷத்தோடு டூல் பாக்ஸைத் திறந்து, முழங்கால் போட்டு, கால் மணி நேரம் திருகினான். கவர் ஆடவில்லை. சிரித்தபடி எழுந்தான். உள்ளங்கையில் ஒரு நட்டு மிச்சமிருந்தது.

"இது எங்கேருந்துடா?"

நான் சென்னை பஸ் எத்தனை மணிக்கு என்று பெரியவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.