கடையில் கேட்ட வழி

குறிகட்டுவானில் படகுக்காக நிற்கும்போதே ஒரு ஐயா கேட்டார்: "என்ன பிள்ளையள், என்.ஜி.ஓ.வோ?" இல்லை, கம்பஸ் என்றோம். "கம்பஸ் எண்டால் நெடுந்தீவுக்கு என்னத்துக்கு?" பாடசாலை சமூகப்பணி பழகப் போகிறோம் என்றோம். "அப்பிடி ஒரு வேலை எந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கு?" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நியாயமான கேள்விதான். பாடசாலைக்கு வராத பிள்ளையை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது 1906, 1907இலேயே நியூயோர்க், பொஸ்ரன் போன்ற நகரங்களில் ஒரு தொழிலாகத் தொடங்கிவிட்டது. கொழும்பில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது 1952இல். இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அதன் தொடர்ச்சி. ஆனால் எங்கட பள்ளிக்கூடங்களில் இருப்பவர் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். அவருக்கும் படிப்பிக்கப் பாடம் இருக்கும். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார். வகுப்பறைக்கும் வீட்டுக்கும் இடையில் நடப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்த நடையைத்தான் நாங்கள் மூன்று பேரும் பழகப் போனோம்.

முதல் கிழமையே ஒரு பிள்ளையின் பெயர் கிடைத்தது. ஒன்பதாம் ஆண்டு. மூன்று கிழமையாக வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பைல். மூன்று பேராகக் கிளம்பினோம். வழி தெரியவில்லை. சந்திக் கடையில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "பள்ளிக்கூடம் வராமல் நிக்கிற பிள்ளை, வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டோம். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

வீட்டில் அம்மம்மா இருந்தா. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறா. அம்மம்மாவுக்கு நாங்கள் கேட்ட எதற்கும் ஒரே பதில்: "ஓம் பிள்ளை, நாளைக்கு அனுப்புறன்." படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் கவனிப்புக் குறைவு' என்று எழுதிக்கொண்டு வந்தோம். வேலை முடிந்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அவள் உண்மையாகவே வந்தாள். இடைவேளையில் ஒருத்தி அவளிடம், "உன்னைப் பற்றி விசாரிக்கக் கம்பஸில இருந்து வந்தவையாமே, என்ன செய்தனி?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை.

எங்கட மேற்பார்வை மிஸ் சத்தம் போடவில்லை. "கடையில என்ன கேட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டா. சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நெடுந்தீவில ஒரு பிள்ளையின்ர விசயம் கடையில இருந்து வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம்?" என்றா. இரகசியம் காத்தல் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவர்கள் நாங்கள். அது பைலைப் பூட்டி வைப்பது என்றுதான் நினைத்திருந்தோம். வழி கேட்கும்போதே அது தொடங்குகிறது என்று தெரியாது.

இரண்டாம் முறை எங்களில் ஒருத்திதான் போனாள். அந்தப் பக்கம் வீடுள்ள ஒரு ரீச்சரோடு, அட்டையும் பைலும் இல்லாமல். பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடியும்போது அம்மம்மாவே சொன்னா. கண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். தனியப் போக ஏலாது. பேத்திதான் கூட்டிக்கொண்டு போறவள். இங்கே கிளினிக் என்றால் படகுக்குக் காத்திருந்து, ஒரு மணித்தியாலம் கடலில், பிறகு பஸ். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு சொந்தக்காரர் வீட்டில்தான். அப்படிப் போன ஒரு நாளில் கணிதப் பரீட்சை தவறியது. திரும்பி வந்தபோது பாடம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். அதுதான் மூன்று கிழமை.

'கவனிப்புக் குறைவு' என்று நாங்கள் எழுதிய வீட்டில் ஒரு பிள்ளை அம்மம்மாவையே கவனித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை வெட்டிப் புதிதாக எழுதினோம். வெட்டிய வரியும் படிவத்தில் தெரிகிறது. இருக்கட்டும்.

செய்ததெல்லாம் சின்ன வேலைகள். அடுத்த கிளினிக்குக்கு அம்மம்மாவோடு போக அயலில் ஒரு அக்கா சம்மதித்தா. கணித ரீச்சர் பாடம் முடிந்து அரை மணித்தியாலம் ஒதுக்கினா. இடைவேளையில் அவளைக் கேட்டவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. கதையைத் தொடக்கி வைத்தது நாங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்தாளா தெரியாது.

எல்லாவற்றையும் இரகசியமாக வைக்கவும் முடியாது. ஒரு பிள்ளைக்கு அடியோ துன்புறுத்தலோ நடக்கிறது என்றால், 1929க்கோ நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ சொல்லத்தான் வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம்" என்று முதலே வாக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் பயிற்சிதான். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்வதற்கும், கடையில் சொல்வதற்கும் உள்ள தூரத்தைத்தான் நாங்கள் நெடுந்தீவில் நடந்து பழகினோம்.

சட்டப்படி 5 வயதிலிருந்து 16 வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வரவு இடாப்பு யார் வரவில்லை என்று சொல்லும். ஏன் என்று அது சொல்லாது.

களப்பயிற்சி முடிந்து படகு ஏறிய நாள் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கிளினிக் நாளில் இருப்பாளா என்று பார்க்க நாங்கள் அங்கே இல்லை. அந்த ஐயா கேட்டது அப்போது திரும்ப ஞாபகம் வந்தது. அப்படி ஒரு வேலை எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? இருந்திருந்தால், அடுத்த கிளினிக் நாளிலும் ஒருவர் அங்கே இருந்திருப்பார்.