லண்டனின் ஆறு வளையங்கள்

லண்டன் மாநகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவர், பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவோடு, ஒவ்வோர் இடமும் எந்த மண்டலத்தில் இருக்கிறதென்ற விவரத்தையும் கையில் வைத்துக்கொள்வது நலம். பெரிய வெங்காயத்தைக் குறுக்கே அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியுமல்லவா? ரயில் கட்டணத்துக்காக அந்நகரத்தை அவ்விதமே வகுத்திருக்கிறார்கள். நடுநகரம் முதல் மண்டலம். அதைச் சுற்றி ஆறு வரை செல்கின்றன. ஹீத்ரோ விமான நிலையம் ஆறாவதில் இருக்கிறது. நகர எல்லைக்கும் அப்பால், பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள அமர்ஷம் ஒன்பதாவதில்!

எத்தனை மைல் சென்றோம் என்பதைவிட, எந்தெந்த மண்டலங்களின் வழியே சென்றோம் என்பதே அங்கே கேள்வி. முதல் மண்டலத்தைத் தொட்டால் கட்டணம் அதிகம். தொடாமல் சுற்றிச் சென்றால் குறைவு. சுற்றிச் செல்பவர் வண்டி மாறும் சில ஸ்டேஷன்களில் ரோஜா நிறக் கருவியொன்று நிற்கும். அதில் அட்டையைக் காட்டினால், "இவர் நடுநகரம் போகவில்லை" என்று அது சாட்சி சொல்லும். எர்ல்ஸ் கோர்ட் போன்ற எல்லை ஸ்டேஷன்கள் இரு மண்டலங்களுக்கும் பொது. பிரயாணிக்கு எது லாபமோ அதுவே கணக்கு.

இந்த வளையங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு உண்டு. 1981 அக்டோபரில், கென் லிவிங்ஸ்டன் தலைமையிலிருந்த பெருநகர் லண்டன் கவுன்ஸில் கட்டணங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் குறைத்தது. நஷ்டத்தை வீட்டு வரியால் ஈடுகட்டிற்று. சுரங்க ரயிலே எட்டிப் பாராத ப்ராம்லி என்ற புறநகரின் கவுன்ஸில், "எங்கள் ஜனங்கள் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று வழக்காடியது. டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அதன் பக்கம் தீர்ப்பளித்தனர். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. 1983 மே மாதத்தில் மீண்டும் குறைந்தபோது, மண்டல முறை நகரெங்கும் பரவியது. பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் ஒரே சீட்டாக 'டிராவல்கார்டு' பிறந்தது.

முறை சௌகரியமானதுதான். ஆனால் நடுநகரின் வாடகைக்கு அஞ்சி ஐந்தாம் மண்டலத்தில் குடியேறிய தொழிலாளி, வாடகையில் மிச்சம் பிடித்ததை ரயிலில் கொட்ட நேரிடுகிறது. அவருக்குக் கைகொடுப்பது சிவப்பு பஸ். அதற்கு மண்டலம் கிடையாது. எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம். பணம் மிஞ்சும், அதற்கு ஈடாக விடியுமுன் எழுந்திருக்க வேண்டும்.

பாரிஸ் நகரம் இக்குறையை வேறு விதமாகத் தீர்க்க முயன்றது. 2015 செப்டம்பர் முதல், எல்லா மண்டலங்களிலும் செல்லும் மாதச் சீட்டை, எங்கே குடியிருப்பவரும் ஒரே விலைக்கு வாங்கலாமென்று செய்தது. லண்டனிலும் 2016-ல் மூன்றாம் மண்டலத்து ஸ்ட்ராட்போர்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாயிற்று. ஸ்டேஷன் ஓரங்குலமும் நகரவில்லை. அங்கிருந்து நடுநகருக்கு வேலைக்குப் போவோரின் செலவு மட்டும் குறைந்தது. படத்தில் கோடு போட்டவர்கள் மனம் வைத்தால் அதை அழித்தும் போடலாம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?