முட்டையா, ஒரு முட்டையா?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வர்ற நம்ம ஊர் டாக்டர், நர்ஸ் தம்பி தங்கச்சிங்க கேக்குற கேள்வி: "அண்ணே, சாப்பாட்டுப் பேருக்கு முன்னாடி எப்ப 'எ' போடணும்?" கிராமர் வாத்தியார் வேலை எனக்கு வராது. வார்டுல இது ஏன் முக்கியம்னு மட்டும் சொல்றேன். சின்ன த்ரெட்தான்.

'ஐ ஏட் சிக்கன்'னா கோழிக்கறி சாப்பிட்டார். 'ஐ ஏட் எ சிக்கன்'னா முழுக் கோழியையும் முடிச்சிட்டார்! 'எ' வந்தா முழுசா ஒண்ணு. வரலைன்னா அந்த வஸ்து, அவ்வளவுதான், எவ்வளவுன்னு தெரியாது.

சிரிச்சாச்சா? இப்ப முட்டைக்கு வாங்க. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அம்மா 'ஹீ ஏட் எக்'னு சொன்னா அது ஆம்லெட்ல ஒரு துண்டாவும் இருக்கலாம், கேக்குல கலந்ததாவும் இருக்கலாம். 'ஹீ ஏட் ஆன் எக்'னா அவிச்சதோ பொரிச்சதோ, முழு முட்டை.

முட்டை அலர்ஜி உள்ள பல குழந்தைகளுக்கு கேக், பிஸ்கட்ல இருக்கிற முட்டை ஒத்துக்கும். அவிச்ச முட்டை ஒத்துக்காது. மாவோட சேர்ந்து அதிக சூட்டில் வேகும்போது அந்தப் புரதங்கள் உருமாறிடும். அதனால 'எக்'னு மட்டும் கேஸ் ஷீட்ல எழுதி நிறுத்தாதீங்க. எப்படி சமைச்சது, எவ்வளவு, சாப்பிட்டு எத்தனை நிமிஷத்துல தடிச்சது, மூணையும் எழுதுங்க. அடுத்து பார்க்கிற டாக்டர் உங்க எழுத்தை நம்பித்தான் கேக் கொடுக்கலாமா வேணாமான்னு சொல்வார்.

சர்க்கரை எண்ண முடியாத வஸ்து, 'எ' வராதுன்னு புத்தகம் சொல்லும். டீ போடுறவங்க 'ஒன் ஷுகர் ஆர் டூ?'ன்னுதான் கேப்பாங்க. ஒண்ணுன்னா ஒரு டீஸ்பூன், சுமார் 4 கிராம். ஷுகர் பேஷன்ட் 'ஜஸ்ட் ஒன் ஷுகர்'னு சொன்னா, நாளைக்கு எத்தனை டீன்னு கேளுங்க. 6 டீன்னா 24 கிராம்.

இது நமக்குப் புதுசில்ல. வீட்ல யாரும் 'ஒரு சாதம்' கேக்க மாட்டோம். ஹோட்டல்ல 'ஒரு சாதம், ரெண்டு காபி'ன்னு சர்வரே கத்துவார்.

பிரெட்டுக்கு 'எ ஸ்லைஸ் ஆஃப்' போடுங்க. வெறும் 'எ டோஸ்ட்'னா கிளாஸைத் தூக்கி வாழ்த்துறது.

கடைசியா, 'எ நட் அலர்ஜி'. அந்த 'எ' அலர்ஜிக்கு, நட்டுக்கு இல்ல. வேர்க்கடலையா, முந்திரியா, வால்நட்டான்னு அதுல தெரியாது. பேர் சொல்லிக் கேட்டு எழுதுங்க.