கன்றுக்குட்டியும் கணக்கு நோட்டும்

ஏம்ஸ், அயோவா

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோடை விடுமுறை வந்தால் போதும், 'ஆளுமை வளர்ச்சி முகாம்' என்று தட்டி வைத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள், பிள்ளைகள் கைகுலுக்க மட்டும் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்று நொந்து எழுதியிருந்தீர்கள். அந்த மாதிரிக் கடைகள் இங்கேயும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் நடந்துவரும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஃபோர்-எச் என்று பெயர். தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்குக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. பச்சை நிறத்தில் நாலு இலைச் சின்னம். அயோவாவின் கிராமப்புறத்தில் எங்கே போனாலும் கண்ணில் படும்.

என் மகள் சேர்ந்திருக்கும் சங்கம் மாதம் ஒருமுறை ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறது. நாலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்களே. பெரியவர்களுக்குப் பின்வரிசையும் காப்பியும். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் பொருளாளர் பையன், பன்னிரண்டு வயது இருக்கும், வங்கி இருப்பை வாசித்தான். பதினோரு டாலர் உதைத்தது. எல்லாரிலும் சின்னவளான ஒரு சிறுமி கையைத் தூக்கி, "அந்தப் பதினோரு டாலர் எங்கே?" என்றாள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பைக்குள் துழாவி, கசங்கிய ரசீது ஒன்றை எடுத்து நீவிக் காட்டினான். பெயின்ட் வாங்கிய செலவு. செயலாளர் குறித்துக்கொள்ள, ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கணக்கு ஏற்கப்பட்டது. பையனின் அப்பா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருக்கு வாய் துறுதுறுத்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை. நம் ஊர்ச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் பெரியவர்களே கணக்குக் கேட்கத் தயங்குவது உங்களுக்குத் தெரியாததா?

ஜூலையில் கவுண்டிப் பொருட்காட்சி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). எங்கள் ஸ்டோரி கவுண்டிக்கு அது நெவேடா என்ற சிற்றூரில் நடக்கிறது (அந்த மாநிலம் இல்லை, உள்ளூர்க்காரர்கள் 'நெவேய்டா' என்று இழுப்பார்கள்). பிள்ளைகள் வருஷம் முழுக்கச் செய்ததை அங்கே கொண்டுவர வேண்டும். ரொட்டி, மர அலமாரி, புகைப்படம், ரோபோ, முயல், எதுவானாலும் சரி. மகள் ஜிப் வைத்த துணிப்பை ஒன்று தைத்து எடுத்துப் போனாள். கூடவே ஒரு தாளும் எழுதிவைக்க வேண்டும்: என்ன செய்ய எண்ணினாய், அதற்கு எப்படி உழைத்தாய், முக்கியமாக எதைக் கற்றாய்.

நடுவர் ஒரு பாட்டியம்மா. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பிள்ளை. பெற்றோர் தள்ளித்தான் நிற்கலாம். பையின் பூவேலையை அவர் பார்க்கவே இல்லை. எடுத்ததும் உள்புறத்தை வெளியே திருப்பினார். விளிம்பெல்லாம் நூல் பிரிந்து நின்றது. "இதை ஏன் இப்படியே விட்டுவிட்டாய்?" "உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்." "இரண்டு தடவை துவைத்தால்?" "பிரிந்துவிடும்." அதன்பிறகு இருவரும் தலையைக் குனிந்து விளிம்பை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் காதில் விழவில்லை. சிவப்பு ரிப்பன் கிடைத்தது. நீலம் முதல் தரம், சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது. இதை டேனிஷ் முறை என்கிறார்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை, ஒரு தரத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்தத் தரத்தை இருபது பேர் எட்டினால் இருபது பேருக்கும் நீலம். ராங்க் பட்டியலில் வளர்ந்த எனக்கு இது விளங்கவே கொஞ்ச நாள் ஆயிற்று.

ஆனால் பொருட்காட்சியின் உயிர் மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைப் பையன் ஒருவன் காயடித்த கன்று ஒன்றை இலையுதிர் காலத்தில் பிடித்து வளர்த்தான். ஜனவரிக் குளிரில் தொட்டித் தண்ணீர் பாறையாகிவிடும். பள்ளிக்கூடம் போகுமுன் உடைத்துக் கொடுத்தாக வேண்டும். தலைக்கயிறு போட்டு நடக்கப் பழக்கிய முதல் வாரங்களில் கன்றுதான் அவனை இழுத்துக்கொண்டு போனது. பொருட்காட்சிக்கு வரும்போது அது 600 கிலோவைத் தாண்டிய மாடு. மாட்டுக்கு ஒரு போட்டி, அதை நடத்திக் காட்டும் பிள்ளைக்குத் தனியாக ஒரு போட்டி. நடுவர் அவன் பக்கத்தில் வந்து, தினம் என்ன தீனி, எத்தனை பவுண்டு, எடை எவ்வளவு ஏறியது என்று கேட்டார். மடமடவென்று சொன்னான். தீனிக்கடை பில், மாட்டு வைத்தியர் பில், எடை எல்லாம் அவன் கையாலேயே நோட்டில் ஏறியிருக்கின்றன.

கடைசியில் ஏலம். உள்ளூர் வங்கி, தீனிக்கடை, விதை வியாபாரி என்று ஊர்க்காரர்களே சந்தை விலைக்குமேல் போட்டுக் கேட்பார்கள். பிறகு லாரி வரும். அந்தப் பையன் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வளர்த்த பிள்ளை அன்றைக்குப் பந்தியில் உட்காராதே, அதேதான். என் மனைவி கொட்டகைப் பக்கம் வரவே மறுத்துவிட்டாள். அடுத்த வாரம் ஏலம் எடுத்தவருக்கு அவன் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அதுவும் கணக்கில் சேர்த்தி. பொறுப்பு என்ற சொல்லை மட்டும் அங்கே யாரும் உச்சரித்து நான் கேட்கவில்லை.

ஃபோர்-எச் தொடங்கிய கதை சுவையானது. பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த புது விவசாய முறைகளை அந்தக் காலத்து விவசாயிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளோ எதையும் செய்து பார்க்கத் தயாராக இருந்தார்கள். 1902இல் ஒஹாயோவில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைத் திரட்டி மண்ணைச் சோதிக்கவும் மக்காச்சோளம் விதைக்கவும் வைத்தார். அயோவாவின் பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற ஆசிரியை அதே வேலையில் இறங்கினார். மூன்று இலைச் சின்னம் அவர் தந்தது, நாலாவது இலை பிறகு சேர்ந்தது. மகன் வயலில் சோளம் கூடுதலாக விளைந்ததைப் பார்த்துத்தான் பல அப்பாக்கள் மனம் மாறினார்களாம். 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, மத்திய அரசும் மாநிலமும் கவுண்டியும் சேர்ந்து செலவைத் தாங்கும் ஏற்பாடு பிறந்தது. இன்று ஏறத்தாழ 60 லட்சம் பிள்ளைகள் என்கிறார்கள். சம்பளக்காரர்கள் கொஞ்சம்; மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் தூக்கிச் சுமப்பது.

எல்லாம் பொன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தென் மாநிலங்களில் 1960கள்வரை கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம்தான். இன்றும் நிலமும் கொட்டகையும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கே மாடு கட்டுப்படியாகும். பரிசு மாட்டுக்குக் கன்றையே கொள்ளை விலைக்கு வாங்கித் தரும் அப்பாக்கள் உண்டு. ஊக்க மருந்துக்குப் பயந்து மாட்டின் சிறுநீரைச் சோதிக்கும் பொருட்காட்சிகளும் உண்டு! டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லெர்னர் குழு 2002இல் தொடங்கி, 42 மாநிலங்களில் ஏழாயிரம் பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து, இந்தச் சங்கங்களில் இருப்பவர்கள் ஊருக்கு உழைப்பதில் முன்நிற்கிறார்கள் என்று எழுதியது. இருக்கலாம். ஆனால் மாதாமாதம் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து விடும் வீட்டுக்கும் அதில் பங்கு இருக்காதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நம் பக்கம் இது நடக்குமா என்று கேட்பீர்கள். வேளாண் அறிவியல் நிலையம் இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறதே. நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில், நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. அங்கே ஒரு நடை போய் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி கேளுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து குஞ்சு, ஒரு நாற்பது பக்க நோட்டு. தீனிச் செலவு, முட்டை, விற்ற காசு எல்லாம் அதில் ஏறட்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு நிபந்தனையை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: குஞ்சு செத்துப்போனால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு குஞ்சு வாங்கிக் கூட்டுக்குள் விடக் கூடாது. நட்டம் நோட்டில் அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே வர வேண்டும்.

முதல் பத்துப் பிள்ளைகளுக்கான செலவு என்னுடையது. குஞ்சு இப்போது அங்கே என்ன விலை விற்கிறது என்று எழுதுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி