பிரித்தால் தெரியும் கடிதம்

2006 இல் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர், கொழும்பிலிருந்த மாமாவுக்கு அம்மா எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரேமாதிரி. "தம்பி, நாங்கள் சுகம். யோசிக்காதை." வீட்டில் நடந்த எதுவும் அதில் இராது. இடையில் யார் பிரித்து வாசிப்பார்களோ என்ற பயம்.

அண்மையில் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் பௌதிகவியலாளர் உர்பசி சின்ஹாவின் ஆய்வுகள் பற்றி அறிந்தபோது அம்மாவை நினைத்தேன். இரகசியச் செய்தியைப் பூட்டும் திறப்பைத் தனித்தனி ஒளித்துகள்களில் அனுப்பும் முறை அது. இடையில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை குழம்பிவிடும். இரு பக்கத்தாரும் ஒப்பிட்டுப் பார்த்து, பிழை கூடியிருந்தால் அந்தத் திறப்பைக் கைவிடுவர். செய்தி அதன் பிறகுதான் புறப்படும்.

கண்ணாடி இழையில் தூரம் கூடக்கூட ஒளித்துகள்கள் தொலைந்துபோகும். ஆகவே செய்மதியை நாடுகிறார்கள். 2017 இல் சீனாவின் மிசியஸ் செய்மதி கொடுத்த திறப்பால் பெய்ஜிங்கும் வியன்னாவும் பேசின. இந்தியாவின் இஸ்ரோ 2021 இல் வெட்டவெளியில் 300 மீற்றர் தூரத்துக்கு இதைச் செய்துகாட்டியது.

கடந்த மாதம் பண்டத்தரிப்பில் ஓர் அக்கா கதைக்கத் தொடங்கி நிறுத்தினா.

"பிள்ளை, இதை வேறை ஆரும் அறிவினமோ?"

நான் கொப்பியை மூடி வைத்தேன். அதன் பிறகே அவ முழுவதையும் சொன்னா.

ஒளித்துகள் வழியை மட்டுமே காக்கும். வந்துசேர்ந்த சொல்லைக் காப்பது கேட்டவரின் கடமை. சகோதரிகளே, எங்களைப் போன்றவர்களிடம் கதைக்கும்போது, "இதை எழுதவேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.